எந்த மாநிலத்தின் உச்சிக்கு முதலில் போவது? ஐந்து சிகரங்களின் ஒப்பீடு

"இந்தியாவின் ஒவ்வொரு மாநிலத்திலும் மிக உயரமான இடத்தில் ஒருமுறையாவது நின்றுவிட வேண்டும். எங்கிருந்து தொடங்கலாம்?" இந்தக் கேள்வி இந்த ஆண்டில் மட்டும் மூன்று பேரிடமிருந்து வந்தது. ஒருவர் மதுரையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். மனைவிக்கு முழங்கால் வலி, இருவரும் சேர்ந்து போக வேண்டும் என்கிறார். இன்னொருவர் கோவையில் வேலை பார்க்கும் இளைஞர். நண்பர்கள் நால்வர், சேர்ந்தாற்போல் நான்கைந்து நாள் விடுமுறை கிடைக்கும். மூன்றாமவர் சென்னைப் பெண்மணி. பத்து நாள் விடுப்பு சேர்த்து வைத்திருக்கிறார், இதுவரை மலையேறியதில்லை.

மூவரும் மாநிலச் சிகரங்களை உயர வரிசையில் அடுக்கிப் பட்டியல் போட்டு வைத்திருந்தார்கள். சிக்கலே அந்தப் பட்டியலில்தான் தொடங்குகிறது. உயரத்தைக் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறார்கள். நம் கால்கள் ஏறுவதோ வண்டியை விட்டு இறங்கும் இடத்திலிருந்து. மகாராஷ்டிரத்தின் கல்சுபாய் 1,646 மீட்டர். ஊட்டி ரயில் நிலையம் அதைவிட ஐந்நூறு மீட்டருக்கும் மேல் உயரத்தில், 2,200 மீட்டரில் இருக்கிறது. ஆனால் கல்சுபாய் உச்சியை அடைய எண்ணூறு மீட்டருக்கு மேல் சொந்தக் காலில் ஏற வேண்டும். ஊட்டிக்கு மேலே நிற்கும் தொட்டபெட்டாவுக்குக் காரிலேயே போய்விடலாம். பட்டியலில் தாழ்ந்து கிடப்பதுதான் இங்கே கடினமான மலை.

தமிழ்நாட்டிலிருந்து புறப்படுகிறவர்களுக்குக் கைக்கெட்டக்கூடிய ஐந்து உச்சிகளை எடுத்துக்கொள்கிறேன்: தமிழ்நாட்டின் தொட்டபெட்டா, கேரளத்தின் ஆனைமுடி, கர்நாடகத்தின் முள்ளையனகிரி, மகாராஷ்டிரத்தின் கல்சுபாய், மேற்கு வங்கத்தின் சந்தக்பூ. ஐந்து இடங்களுக்கும் நான் போயிருக்கிறேன். சிலவற்றுக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி, உச்சியில் நிற்க அனுமதி உண்டா என்பது. இதைக் கேட்காமல் டிக்கெட் எடுத்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். இரண்டாவது, எவ்வளவு தூரம் நடை, அந்த நடை எப்படிப்பட்டது என்பது. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முழங்கால் வாங்கும். நாற்பதைக் கடந்தவர்களுக்கு இரண்டாவதுதான் பெரிய கவலை. மூன்றாவது, வீட்டிலிருந்து புறப்பட்டு வீடு திரும்ப எத்தனை நாள் ஆகும் என்பது. மலையில் மூன்று மணி நேரம், ரயிலில் ஐம்பது மணி நேரம் என்ற கணக்குக்குத் தயாராக இருக்க வேண்டும். நான்காவது, எந்த மாதம் என்பது. இந்த ஐந்துக்கும் பொதுவான நல்ல மாதம் என்று தேடினால் அக்டோபர் கடைசியும் நவம்பரும்தான் ஓரளவு பொருந்தும், அப்போதும் நீலகிரியில் வடகிழக்குப் பருவமழை குறுக்கிடும்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. எனக்கு அதுதான் முக்கியம். அந்த இடத்துக்கே உரியதாக எதைக் காணப்போகிறோம்? உச்சி என்றால் காட்சி இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பாதி நாட்கள் உச்சி மேகத்துக்குள் இருக்கும். அன்றைக்கும் போனதற்குப் பலன் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

செலவைத் தனித் தலைப்பாக வைக்கவில்லை. நுழைவுக் கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன, பெரும்பாலும் சிறியவை. பெரிய செலவுகள் வேறு இடத்தில் ஒளிந்திருக்கின்றன. அவற்றை அந்தந்தச் சிகரத்தின் கீழ் சொல்கிறேன்.

| சிகரம் | உயரம் | உச்சிவரை போகலாமா | நடை | சென்னையிலிருந்து போய்வர | ஏற்ற காலம் |
|---|---|---|---|---|---|
| தொட்டபெட்டா | 2,637 மீ. | ஆம், சாலை உண்டு | மிகக் குறைவு | 2–3 நாள் | டிசம்பர்–மார்ச் |
| ஆனைமுடி | 2,695 மீ. | பொதுமக்களுக்கு இல்லை | ராஜமலைச் சரிவுவரை மட்டும் | 3 நாள் | செப்டம்பர்–ஜனவரி |
| முள்ளையனகிரி | 1,930 மீ. | ஆம் | படிக்கட்டு அல்லது இரண்டு மணி நேர ஏற்றம் | 3 நாள் | அக்டோபர்–மார்ச் |
| கல்சுபாய் | 1,646 மீ. | ஆம் | முழு நாள் | 4–5 நாள் | செப்டம்பர் கடைசி–பிப்ரவரி |
| சந்தக்பூ | 3,636 மீ. | ஆம், ஜீப்பும் உண்டு | 4–5 நாள் நடை | 9–10 நாள் | ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் |

## தொட்டபெட்டா: முதியவர்களோடு போக

படகர் மொழியிலும் கன்னடத்திலும் 'தொட்ட பெட்ட' என்றால் பெரிய மலை. ஊட்டியிலிருந்து கோத்தகிரிச் சாலையில் ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். வண்டி நிற்கும் இடத்திலிருந்து தொலைநோக்கி இல்லம்வரை நடப்பதுதான் முழு மலையேற்றமும். அம்மாவை அழைத்துப்போன அன்று முழுக்கப் பனிமூட்டம். புடவைத் தலைப்பை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கம்பியில் கோத்திருந்த நீர்த்துளிகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று மூட்டம் கிழிந்து கேத்திப் பள்ளத்தாக்கின் வீடுகள் வெயிலில் தெரிந்தன. பத்து நிமிடம் இருக்கும். பிறகு மீண்டும் வெள்ளை. "போதும், பார்த்தாச்சு" என்றார். எழுபத்தொரு வயதில் தன் மாநிலத்தின் மிக உயரமான இடத்தில் நின்ற நிறைவு அவர் முகத்தில் இருந்தது. இந்த ஐந்தில் வேறெந்த மலையும் அவருக்கு அதை அவ்வளவு எளிதாகத் தந்திருக்காது.

நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது ஏமாற்றம்தான். சரிவுகளெல்லாம் காப்புக்காடு. சாலையை விட்டு விலகி ஏற முடியாது. காட்டெருமை நடமாடும் சோலைக்காட்டில் அப்படி ஏறவும் கூடாது. நீலகிரியில் நடந்தே ஆக வேண்டும் என்றால் வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் நாற்பது பாதைகளில் நீலகிரியில் உள்ள ஒன்றைப் பதிவு செய்யுங்கள். தொட்டபெட்டாவை அதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இங்கே ஒளிந்திருக்கும் செலவு நேரம். கோடையில் ஊட்டி நகருக்குள்ளேயே சில கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி நேரம் போய்விடும். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குச் சொந்த வண்டியிலும் வாடகை வண்டியிலும் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். 2025 கோடையில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் போவதென்றால் முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் எடுத்துவிடுங்கள். 46 கிலோமீட்டரும் நீராவியும் பல்சக்கரமும் பதினாறு குகைகளுமாக அந்தப் பயணமே தனி அனுபவம். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர்வரை கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண்சரிவு ஏற்பட்டால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் ரயிலை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம். வனவிலங்கு நடமாட்டத்துக்காகத் தொட்டபெட்டாவையே மூடிவிடும் நாட்களும் உண்டு. காலையில் விடுதியில் விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள்.

## ஆனைமுடி: பார்க்கலாம், ஏற முடியாது

இமயமலைக்குத் தெற்கே இந்தியாவில் இதைவிட உயரமான இடம் இல்லை. அதனாலேயே எல்லாருடைய பட்டியலிலும் தென்னிந்தியாவின் முதல் பெயர் இதுதான். வருகிற கேள்விகளும் இதைப் பற்றித்தான் அதிகம். தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆனைமுடி, மூணாறுக்கு அருகே இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, பொதுமக்கள் உச்சிக்கு ஏற அனுமதி இல்லை. ராஜமலைச் சுற்றுலாப் பகுதியில் வனத்துறைப் பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து தார்ச்சாலையில் கொஞ்ச தூரம் நடக்கலாம். யானையின் மத்தகம்போல வழவழப்பாக எழும் பாறையை அங்கிருந்து அண்ணாந்து பார்க்கலாம். அதோடு சரி.

உச்சிக்கே கூட்டிப்போகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்கிறவர்கள் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவிடமும் ஒருவர் அப்படி வாங்கினார். கடைசியில் அவர் கொண்டுபோய் நிறுத்திய இடம் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருந்த ஏதோ ஒரு புல்மேடு. பணம் திரும்பவில்லை. இன்னொரு குழப்பம் பெயரில் இருக்கிறது. 'ஆனைமுடிச் சோலை தேசியப் பூங்கா' என்று வேறொரு பூங்கா இருக்கிறது. மன்னவன் சோலையைச் சேர்த்து அமைந்த அந்தப் பூங்காவுக்குள் ஆனைமுடி உச்சி இல்லை. பெயரைப் பார்த்து அங்கே அறை பதிவு செய்துவிட்டு வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

ஏற முடியாத மலைக்கு ஏன் போக வேண்டும்? வரையாட்டுக்காக. சங்கப் பாடல்களில் வருடை என்று வரும் ஆடு இதுதான். தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுதான். ராஜமலையில் அது மனிதரைக் கண்டு ஓடுவதில்லை. ஒரு முறை சாலையோரத் தடுப்புச் சுவருக்கு அப்பால், கை நீட்டினால் தொடும் தூரத்தில், ஒரு பெட்டை மேய்ந்துகொண்டிருந்தது. பனியில் நனைந்த அதன் முதுகு மயிர் கற்றை கற்றையாக ஒட்டிக் கிடந்தது. புல்லைப் பல்லால் கடித்து இழுக்கும் 'நறுக் நறுக்' ஓசை தெளிவாகக் கேட்டது. அதன் பின்னால் ஆனைமுடியின் பாறை. அந்த ஆட்டுக்காகத்தான் அந்த மலையை நமக்கு மூடி வைத்திருக்கிறார்கள் என்பது அந்தக் கணத்தில் முழுதாகப் புரிந்தது. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உத்தராகண்டின் நந்தாதேவி சரணாலயத்தின் உட்பகுதியையும் 1980-களின் தொடக்கத்திலிருந்து மலையேறிகளுக்கு மூடி வைத்திருக்கிறார்கள். எல்லா உச்சியிலும் நாம் கால் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை.

வரையாடு குட்டி போடும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரியிலிருந்து மார்ச் இறுதிவரை, பூங்காவை மூடிவிடுவார்கள். நீலக்குறிஞ்சிக்காகப் போகிறவர்கள் 2030வரை காத்திருக்க வேண்டும். முந்தைய பூப்பு 2018-இல். அந்த ஆகஸ்டில் கேரளத்தைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் மூணாறு துண்டிக்கப்பட்டு, பலருடைய பன்னிரண்டு ஆண்டுக் காத்திருப்பு வீணானது. 2030-க்குத் திட்டமிடுகிறவர்கள் ஆகஸ்டை மட்டும் நம்பாமல் செப்டம்பரையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகப் போவது ஒரு பாதை, போடிநாயக்கனூர், போடிமெட்டு வழியாகப் போவது இன்னொன்று. மழைக்காலத்தில் தேவிகுளம் அருகே கேப் சாலையில் மண் சரிவது வழக்கம் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட்வரை முதல் பாதையையே பரிந்துரைப்பேன்.

கால் அரிக்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே மாற்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் இரண்டாவது உயரமான சிகரமான மீசப்புலிமலை (2,640 மீ.). கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏற்பாட்டில், முன்பதிவு செய்து, வழிகாட்டியோடு அதன் உச்சிவரை போகலாம். வேறு எந்த வழியிலும் போகாதீர்கள். அதன் சரிவுகளுக்குக் கீழே குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் கருகி இறந்ததை நாம் மறந்துவிடக்கூடாது.

## முள்ளையனகிரி: ஒரு மலை, இரண்டு வழி

சிக்கமகளூரு மாவட்டத்தின் சந்திரதுரோண மலைத்தொடரில் இருக்கிறது. குடும்பத்தில் பாதிப்பேர் நடக்க விரும்பி, பாதிப்பேர் மறுத்தால் இதுதான் ஏற்ற மலை. சர்ப்பதாரி வளைவிலிருந்து பாம்புபோல நெளிந்து ஏறும் ஒற்றையடிப் பாதையில் நடப்பவர்கள் இரண்டு மணி நேரத்தில் உச்சிக்கு வரலாம். மற்றவர்கள் வண்டியில் வந்து, சாலை முடிகிற இடத்திலிருந்து சுமார் ஐந்நூறு படிகள் ஏறினால் போதும். இரு தரப்பும் முள்ளப்ப சுவாமி கோயில் வாசலில் சந்தித்துக்கொள்ளலாம். நடைப்பாதையில் நிழலே இல்லை, தண்ணீர் இல்லை, கடையும் இல்லை. காலை ஏழு மணிக்குள் ஏறத் தொடங்கிவிட வேண்டும். உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

நான் இங்கே வர விரும்புவது உச்சிக்காக அல்ல, காப்பிக்காக. யேமனிலிருந்து ஏழு காப்பிக் கொட்டைகளை பாபா புடன் கொண்டுவந்து விதைத்தார் என்று சொல்லப்படுவது இந்த மலைத்தொடரில்தான். மார்ச், ஏப்ரலில் ஒரு கோடைமழை பெய்தால் அடுத்த சில நாட்களில் தோட்டங்கள் வெள்ளைவெளேர் என்று பூத்துவிடும். மல்லிகைபோன்ற அந்த மணம் பேருந்தின் ஜன்னல் வழியாகவே வந்துவிடும்.

குறை என்றால் கூட்டம். பெங்களூரிலிருந்து ஓர் இரவுப் பயணம் என்பதால் வார இறுதியில் மலைச்சாலை முழுக்க வண்டிகள். மாவட்ட நிர்வாகம் வாகனங்களுக்கு இணைய முன்பதிவைக் கொண்டுவந்ததற்குக் காரணமே அதுதான். செவ்வாய், புதனில் போனால் இதே மலை வேறு மலையாகத் தெரியும். ஜூன் முதல் செப்டம்பர்வரை அட்டைக்கடி நிச்சயம். மாநிலத்தின் உச்சி என்ற பெயர் வேண்டாம், நல்ல நடை போதும் என்கிறவர்கள், இதைவிடச் சில பத்து மீட்டரே குறைந்த குதிரேமுகத்துக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். நடையை மட்டும் பார்த்தால் அதுதான் மேல்.

## கல்சுபாய்: மலையேற்றம் என்று சொல்லத்தக்கது

ஐந்தில் உயரம் குறைந்தது இது. என் மனதில் முதலிடம் இதற்குத்தான்.

அகில்யாநகர் மாவட்டத்தின் அகோலே வட்டத்தில் பாரி என்ற கிராமம். மகாதேவ் கோலி பழங்குடியினர் வாழும் ஊர். ஊரின் கடைசி வீட்டைத் தாண்டியதுமே நெல்வயல் வரப்பில் ஏற்றம் தொடங்கிவிடுகிறது. பிறகு புல்சரிவு, பிறகு கறுத்த எரிமலைப் பாறையின் அடுக்குகள். தக்காணப் பீடபூமியை உண்டாக்கிய எரிமலைக் குழம்பு, ஏறக்குறைய ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்து படிந்தவை அந்த அடுக்குகள். செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணிகள் பொருத்தியிருக்கிறார்கள். மேலே போகப் போக, ஏணிகள் வருவதற்கு முன் ஊர்க்காரர்கள் பிடித்து ஏறிய சங்கிலிகள் இன்னமும் பாறையில் தொங்குவதைப் பார்க்கலாம்.

முதல் முறை நான் போனது ஆகஸ்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமை. செய்யக்கூடாத தவறு அது. கடைசி ஏணியின் அடியில் நாற்பது நிமிடம் மழையில் நின்றேன். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் அந்த ஒரே ஏணி. என் முறை வந்தபோது இரும்பு உள்ளங்கையில் சில்லிட்டது. எனக்கு மேலே போனவரின் காலணியிலிருந்து சேறு என் விரல்களில் சொட்டியது. ஏணியின் நடுவில் ஒரு பெண் பயந்து நின்றுவிட்டாள். மேலே ஐம்பது பேர், கீழே ஐம்பது பேர். அவளுக்குப் பின்னால் நின்ற முதியவர், தலையில் வெள்ளைத் தொப்பி போட்ட ஊர்க்காரர், மராத்தியில் ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் ஒவ்வொரு படியாக ஏறினாள். உச்சியில் மேகத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. கோயிலின் சிறிய காவிக் கொடி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

இரண்டாம் முறை, நவம்பர் மாதத்து வியாழக்கிழமை. அலங், மதன், குலங் கோட்டைகள் வரிசையாக நின்றன. ஒரு பக்கம் பண்டார்தரா அணையின் நீர் மின்னியது. கல்சு என்ற பெண் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாளாம். செய்யமாட்டேன் என்று முதலிலேயே சொன்ன வேலையை அவள்மேல் திணித்தபோது, எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்த மலைமேல் வந்து தங்கிவிட்டாளாம். அவளே இந்த மலையின் தெய்வம். நவராத்திரியில் ஊரே ஏறிவருகிறது. இந்தச் சகியாத்ரிச் சரிவுகளில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் 'கார்வி' நம் குறிஞ்சியின் உறவுதான், ஒரே பேரினம். ஆனைமுடியில் பன்னிரண்டு ஆண்டு காத்திருக்கும் செடிக்கு இங்கே ஒரு தங்கை இருக்கிறாள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. வழியில் கொட்டகை போட்டு, எலுமிச்சைச் சாறும் உப்பு மிளகாய்த்தூள் தடவிய வெள்ளரியும் விற்கிறார்கள். பாரியில் சொல்லிவைத்துவிட்டு ஏறினால், இறங்கும்போது கடலைமாவில் கிளறிய ஜுன்காவும் சுடச்சுடப் பாக்ரி ரொட்டியும் தயாராக இருக்கும். நீங்கள் செலவழிக்கும் பணம் நேரே அந்த வீட்டுக்குப் போகிறது. மற்ற நான்கு இடங்களிலும் இது இவ்வளவு நேரடியாக இல்லை.

இங்கே மறைந்திருக்கும் விலை முழங்காலுக்கு. ஏற மூன்று, நான்கு மணி நேரம். இறங்க ஏறக்குறைய அதே நேரம். ஏணியில் இறங்கும்போது முழு எடையும் முட்டியில்தான். ஊன்றுகோல் ஏணியில் உதவாது, பைக்குள் மடித்து வைக்கும்படியானதாக எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டும் விலைதான். சென்னையிலிருந்து மும்பை ரயிலில் ஏறி, கல்யாணில் இறங்கி, அங்கிருந்து புறநகர் ரயிலில் கசாரா போய், பிறகு சாலை வழியாகப் பாரி. போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். அதனால் கல்சுபாயை மட்டும் நம்பிப் போகாமல் பண்டார்தராவில் ஒரு நாள் தங்குங்கள். ஜூன் முதல் வாரங்களில் போனால் அங்கே மரம் மரமாக மின்மினி ஏறியிருக்கும்.

## சந்தக்பூ: விடுப்பு இருந்தால் மட்டும்

மேற்கு வங்கத்துக்கும் நேபாளத்துக்கும் எல்லையான சிங்கலீலா முகட்டில் இருக்கிறது. உலகின் மிக உயரமான ஐந்து சிகரங்களில் நான்கை, அதாவது எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு ஆகியவற்றை, ஒரே இடத்திலிருந்து பார்க்கலாம். விடியற்காலையில் விடுதியின் பின்புற மேட்டில் நடுங்கிக்கொண்டு நின்றபோது, முதலில் சாம்பலாக இருந்த கஞ்சன்ஜங்காவின் விளிம்பு சிவந்தது. படுத்திருக்கும் புத்தர் என்று அங்குள்ளவர்கள் காட்டும் உருவத்தின் நெற்றி, மூக்கு, வயிறு என ஒவ்வொன்றாக வெளிச்சம் இறங்கியது. மறுபக்கம், எவரெஸ்டைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பக்கத்தில் இருப்பதால் மகாலு பெரிதாக முன்னே நிற்கிறது. உலகின் உயர்ந்த சிகரம் அதன் அருகே ஒதுங்கிச் சிறிதாகத் தெரிகிறது.

மானேபஞ்சனிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நடந்தால் இரண்டு, மூன்று இரவுகள் தும்லிங், காலிபோக்ரி போன்ற இடங்களில் தங்கிப் போகலாம். ஜீப்பில் ஒரே நாளில் போய்விடலாம். முன்பு பழைய லேண்ட்ரோவர் வண்டிகள் மட்டுமே இந்தப் பாதையில் ஏறின, இப்போது மற்ற வண்டிகளும் ஓடுகின்றன. ஆனால் எளிதாகத் தோன்றும் ஜீப்தான் உடம்புக்கு ஆபத்து. கடலோரச் சென்னையில் வாழ்ந்த உடம்பை ஓரிரு நாளில் 3,636 மீட்டருக்குத் தூக்கிக்கொண்டு போனால் தலைவலி, குமட்டல், மூச்சுத்திணறல் எதுவும் வரலாம். இங்கே பயணிகள் இறந்ததும் உண்டு. ஜீப்பில் போவதானாலும் டார்ஜிலிங்கில் இரண்டு இரவு, தும்லிங்கில் ஓர் இரவு தங்குங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புறப்படவே வேண்டாம்.

கணக்கில் விட்டுப்போகிற செலவுகள் இங்கேதான் அதிகம். பதிவு பெற்ற வழிகாட்டி கட்டாயம், பூங்கா நுழைவுக் கட்டணம், கம்பளி உடுப்பு வாடகை, மேகம் மூடியிருந்தால் கூடுதலாக ஓர் இரவு. அந்தக் கூடுதல் இரவைத் திட்டத்திலேயே வைத்துவிடுங்கள். அடையாள அட்டையின் அசல் கையில் இருக்க வேண்டும், எல்லைக் காவல் சாவடிகளில் கேட்பார்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை பூங்கா மூடியிருக்கும். ஏப்ரலில் போனால் ரோடோடென்ட்ரான் பூத்துச் சரிவெல்லாம் சிவந்திருக்கும், மலைகள் மங்கலாகத் தெரியும். நவம்பரில் பூ இல்லை, மலைகள் கண்ணாடிபோலத் தெரியும்.

## சேர்க்காத மூன்று

ராஜஸ்தானின் குரு ஷிகர் (1,722 மீ.) அபு மலையில் இருக்கிறது. வண்டியில் போய்ப் படியேறி தத்தாத்ரேயர் கோயிலில் மணியடித்துவிட்டு வரலாம். ராஜஸ்தான் சுற்றுப்பயணத்தின் நடுவே ஒரு நாளாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மத்தியப் பிரதேசத்தின் தூப்கட் பச்மடியின் சூரிய அஸ்தமனத்துக்குப் பேர்போனது. ஜார்க்கண்டின் பரஸ்நாத் வேறு வகை. சமணத் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரில் இருபது பேர் முக்தியடைந்த மலை, சந்தாலர் பழங்குடியினருக்கு மராங் புரு என்ற தெய்வ மலை. மேலே ஒன்பது, சுற்றி ஒன்பது, கீழே ஒன்பது என்று இருபத்தேழு கிலோமீட்டர் நடை. சிகரப் பட்டியலில் குறிபோடுவதற்காக அங்கே போகாதீர்கள். யாத்திரையாகப் போவதானால் போங்கள்.

## கேட்ட மூவருக்கும்

மதுரை ஆசிரியருக்கு: ஜனவரியில் தொட்டபெட்டா. மேட்டுப்பாளையம்வரை பேருந்து, அங்கிருந்து மலை ரயில், ஊட்டியில் இரண்டு இரவு. முதல் இரவு தங்கிய மறுநாள் காலையிலேயே உச்சிக்குப் போய்விடுங்கள், மூட்டமாக இருந்தால் அடுத்த காலை கையில் இருக்கும். அடுத்த ஆண்டு அக்டோபரில் ராஜமலை. அந்த நடை உங்கள் மனைவிக்குக் கடினமாக இருக்காது. மெதுவாகப் போங்கள், வரையாடு எங்கும் ஓடிவிடாது.

கோவை நண்பர்களுக்கு: நான்கே நாள் என்றால் முள்ளையனகிரி, வார நாளில், சர்ப்பதாரி வழியாக. ஐந்து நாள் தேறினால் யோசிக்கவே வேண்டாம், கல்சுபாய். அக்டோபர் கடைசியில் போங்கள், சனி ஞாயிறைப் பயணத்துக்கும் செவ்வாயை மலைக்கும் வையுங்கள்.

சென்னைச் சகோதரிக்கு: பத்து நாளும் சந்தக்பூவுக்கே. ஆனால் நவம்பரில். இப்போதிருந்து வாரத்தில் நான்கு நாள், மாடிப்படி ஏறி இறங்கிப் பழகுங்கள். ஏறுவதைவிட இறங்குவதை அதிகம் பழகுங்கள். ஜீப்பை மறந்துவிட்டு நடந்தே போங்கள். காலிபோக்ரிக்குப் பிறகு வரும் கடைசி ஏற்றத்தில் பத்தடிக்கு ஒருமுறை நிற்கத் தோன்றும். நில்லுங்கள். வழிகாட்டி காத்திருப்பார்.